சுக்கானில் தம்பி

ஆகஸ்ட் 9, சனி

வந்து சேர்ந்தோம். அயர்லாந்தின் தென்கரையில் ஒரு சின்ன மீன்பிடி ஊர். வீடுகளுக்கெல்லாம் ரோஸ், மஞ்சள், இளம்பச்சை என்று மிட்டாய்க் கலர் அடித்திருக்கிறார்கள். தெரு முழுக்க ஈரம். இதை ஆகஸ்ட் என்று சொன்னால் தூத்துக்குடியில் யாரும் நம்பமாட்டார்கள்.

தம்பி லிகோரி பையை இறக்கியதும் படகுத்துறைக்கு ஓடினான். பின்னாலேயே நானும் போனேன். தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு வரைதான் விட்டேன், எலும்பு வலித்தது. நாளைக்கு இதில் படகைக் கவிழ்த்து நிமிர்த்திப் பழக வேண்டுமாம். தளவாய் சார் சொன்னார். அவர் எங்கள் அணி மேலாளர், கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் வானொலியில் வானிலை வாசிப்பதுபோலச் சொல்வார்.

உலகப் போட்டிக்கு அறுபது சொச்சம் படகுகள் வந்திருக்கின்றன. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. நீளத்திலோ எடையிலோ பாயின் அளவிலோ யாருக்கும் ஒரு விரல்கூடக் கூடுதல் கிடையாது. தோற்றால் படகைக் குறை சொல்ல முடியாது. படகுக்கு இரண்டு பேர். லிகோரி பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிப்பான். நான் பாய்மரத்திலிருந்து வரும் கம்பியை இடுப்புக் கொக்கியில் மாட்டிக்கொண்டு, விளிம்பில் காலை ஊன்றி, கடலுக்கு மேலே மல்லாந்து தொங்குவேன். காற்று படகைச் சாய்க்கப் பார்க்கும், என் கனம் அதை நிமிர்த்தி வைக்கும். படகு எந்தப் பக்கம் போகிறது என்பது முழுக்க என் தம்பியின் கையில்.

பயமாக இருக்கிறது. குளிர்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கவிழ்த்துப் பழகினோம். தண்ணீருக்குள் விழுந்ததும் மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர மறுக்கிறது. மேலே வந்தபோது லிகோரி கவிழ்ந்த படகின் மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, ஐஸ் பெட்டிக்குள்ள கெடக்க மீன் மாதிரி முழிக்கே."

"சிரிக்காத. கைய குடு."

காலையில் சமையலறையில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. அவன் டீக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கோப்பை நிறைந்து மேசையில் வழிந்து தரையில் சொட்டியது. அவன் கெட்டிலைச் சாய்த்தபடியே நின்றான். கூப்பிட்டேன். எதையோ மெல்லுவதுபோல வாயை அசைத்தான். தோளைத் தொட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "என்னக்கா?" என்றான். இடது கைவிரல்கள் வெந்து சிவந்திருந்தன. அவன் அதை அப்போதுதான் பார்த்தான்.

விமானத்தில் தூங்கவில்லை, நேரமும் மாறிவிட்டது. எனக்கே தலை சுற்றுகிறது.

அம்மா போன் செய்தாள். மணப்பாட்டிலிருந்து ஒரு பெண் வீட்டார் லிகோரியைக் கேட்டிருக்கிறார்களாம். நாங்கள் திரும்பியதும் பெண் பார்க்கப் போகலாம் என்று சொல்லிவிட்டாளாம். "போட்டோவுல அவன் நெறம் கொஞ்சம் கம்மியா விழுந்துட்டு. வெயில்ல நிக்க வேண்டாம்னு சொல்லு" என்றாள். வெயிலுக்கு இங்கே எங்கே போவது?

ஆகஸ்ட் 11, திங்கள்

பயிற்சிப் பந்தயம். மென்காற்று. இப்படிப்பட்ட காற்றில் லிகோரியை யாரும் தொட முடியாது. தண்ணீரின் தோலில் ஒரு சுருக்கம் ஓடினால் அது எங்களிடம் வருவதற்குள் அவன் அதற்குத் தயாராகிவிடுவான். அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். இரண்டு பிள்ளைகளையும் சின்ன வயதிலேயே பாய்ப்படகில் ஏற்றிவிட்டார். காற்றைப் பார்க்கும் கண் தம்பிக்கு வந்தது, உயரமும் கனமும் எனக்கு வந்தன.

மதியம் சோறு வடித்து, கொண்டுவந்த கருவாட்டை வறுத்தேன். வீட்டுக்காரம்மா ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முதல் பந்தயத்தில் பதினான்காவது. இரண்டாவதில் ஒன்பதாவது. ஒன்பது! கரைக்கு வந்ததும் தளவாய் சார் கை கொடுத்தார். அவர் கை கொடுத்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவதில் நாற்பதுக்கு அப்பால் போனோம். மிதவையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் லிகோரி திருப்பவில்லை. நேராகப் போய்க்கொண்டே இருந்தான். பாய்க்கயிற்றின் நுனியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் கத்தினேன். நிறையப் படகுகள் எங்களைக் கடந்த பிறகு திரும்பிப் பார்த்து, "மிதவை எங்க?" என்றான்.

என்ன நடந்தது என்று தளவாய் சார் கேட்டார். கயிறு சிக்கிவிட்டது என்றேன். கயிறு சிக்கவில்லை. அப்படிச் சொன்னால் அவருக்குச் சுலபமாகப் புரியும் என்று தோன்றியது.

ஆகஸ்ட் 13, புதன்

காற்று மிக அதிகம், பந்தயம் இல்லை. லிகோரி பகல் முழுக்கத் தூங்கினான். நான் அவன் கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கையுறைக் கிழிசலைத் தைத்தேன். என் அறையில் வெளிச்சம் போதவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

கையுறையைக் கழற்றாமல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

காற்று வலது பக்கமாக வரும் படகுக்குத்தான் வழி. இடது பக்கமாக வாங்கி வருகிறவன் ஒதுங்க வேண்டும். இந்த விளையாட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் அது. இன்று ஒதுங்க வேண்டியவர்கள் நாங்கள். டென்மார்க் படகு ஒன்று எங்கள் குறுக்கே வந்தது. சுக்கானில் இருந்த பெண் "ஸ்டார்போர்ட்", வலப்பக்கக் காற்று எங்களுக்கு, என்று கூவினாள். திரும்பவும் கூவினாள். நான் கம்பியில் தொங்கியபடி, "லிகோரி, ஒதுங்கு" என்றேன். படகு ஒதுங்கவில்லை. பின்னால் பார்த்தேன். அவன் கண் திறந்திருந்தது. அந்தக் கண்ணில் அவன் இல்லை. வாய் மென்றுகொண்டிருந்தது.

எப்படி எட்டினேன் என்று தெரியவில்லை. சுக்கானோடு சேர்ந்த நீளக் குச்சியைப் பிடித்து என் பக்கமாக இழுத்தேன். எங்கள் படகின் மூக்கு அவர்களுடைய சுக்கானுக்குப் பின்னால் ஒரு கை அகலத்தில் போனது. அந்தப் பெண் திரும்பி என் தம்பியைத்தான் பார்த்தாள். திட்டக்கூட இல்லை.

கரைக்கு வந்து, மற்றவர்கள் எல்லாம் போகும்வரை படகைக் கழுவினோம். கழுவிய படகையே மறுபடி கழுவினோம்.

"எத்தன நாளா இப்படி வருது?" என்றேன்.

"எப்படி?"

"லிகோரி."

அவன் தண்ணீர்க் குழாயை மூடினான். "வர்றதுக்கு முந்தி ஒரு வாசம் அடிக்கும்க்கா. பிளாஸ்டிக் கருகுன மாதிரி. அப்புறம் ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நேரத்துல சரியாப் போயிரும்."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்."

தெரியும். அந்த வார்த்தையை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு அது இருந்தது. கோவில் வாசலில் விழுந்தால் ஆட்கள் ஓடிவந்து அவள் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவள் தங்கைக்கும் ஆகவில்லை. அந்த வீட்டைப் பெயர் சொல்லி யாரும் சொன்னதில்லை, அந்த வார்த்தையை வைத்துத்தான் சொன்னார்கள்.

"ரெண்டே நாள்க்கா," என்றான். "முதல் பத்துக்குள்ள வந்துட்டா விளையாட்டு ஒதுக்கீட்டுல வேலை கெடச்சிரும். இருபத்தொம்பது வயசாவுது எனக்கு. இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன். ஊருக்குப் போன அன்னைக்கே டாக்டரப் பாக்கேன். மாதா மேல சத்தியமா."

நான் சரி என்றேன். ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஓடும்போது நான் விடாமல் "இருக்கியா?" என்று கேட்பேன். அவன் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சுக்கான் என் கைக்கு வரும்.

பதினோராவது இடத்தில் இருக்கிறோம். நல்ல ஏற்பாடுதான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா பரலோகம் போன திருநாள். காலையில் படகுத்துறையில் தளவாய் சார் ஒரு சின்னக் கொடியைக் கட்டி மிட்டாய் கொடுத்தார். அம்மா போன் செய்து பூசை பார்த்தீர்களா என்றாள். பார்த்தோம் என்றேன். பார்க்கவில்லை.

வெளியே போனபோதே அலைகளின் தலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. காற்றை எதிர்த்து மேலேறும் ஓட்டத்தில் கேட்டுக்கொண்டே போனேன். "இருக்கியா?" "இருக்கேன்." "இருக்கியா?" "இருக்கேன்க்கா, நீ பாயப் பாரு." எட்டாவதாக மிதவையைத் திரும்பினோம். முன்னால் விரியும் பெரிய பாயை ஏற்றினோம். அந்தப் பாய் ஏறிவிட்டால் படகு ஓடாது, பறக்கும். காற்றும் தண்ணீரும் போடும் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்தாறு நாளில் முதல்முறையாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "இருக்கியா?" என்றேன்.

பதில் இல்லை.

கேட்காமல் போயிருக்கும் என்று நினைத்தேன். அதுதான் என் தப்பு. திரும்பிப் பார்ப்பதற்குப் பதிலாக இன்னொரு தடவை கேட்டேன். அந்த நேரத்தில் படகு தன் இஷ்டத்துக்குத் திரும்பி, நான் தொங்கிய பக்கமாகவே உருண்டது.

முதுகில் தண்ணீர் அறைந்தது. மேலே பாய் விழுந்தது. கண்ணைத் திறந்தால் பச்சையாக ஒரு கூரை. தலையைத் தூக்கினால் அந்தக் கூரை முகத்தில் ஒட்டியது. கொக்கி கழலவில்லை. கழற்றுவதற்குக் கம்பி தளர வேண்டும், படகு இழுத்துக்கொண்டிருந்தது. மூச்சு இல்லை. ஒரு அலை படகைத் தூக்கியபோது கம்பி தளர்ந்தது. பாயைக் கையால் தடவித் தடவி விளிம்பைப் பிடித்து வெளியே வந்தேன்.

"லிகோரி."

படகுக்கு அந்தப் பக்கம் மிதந்தான். உயிர்காப்புச் சட்டை அவனை மல்லாக்க வைத்திருந்தது. கண் திறந்திருந்தது. ஒவ்வொரு அலையும் அவன் வாய்க்குள் போய் வந்தது. அவன் துப்பவில்லை, இருமவில்லை, கையை அடிக்கவில்லை. கடலில் விழுந்த ஒருவன் இப்படி அமைதியாகக் கிடந்து நான் பார்த்ததில்லை. நீந்திப் போய் மோவாயைப் பிடித்துத் தலையை என் தோளில் ஏற்றினேன். என்னவெல்லாமோ சொன்னேன். செபம் இல்லை. கெட்ட வார்த்தைகள்தான் வந்தன.

மீட்புப் படகு வந்தது. அதை ஓட்டியவள் ஓர்லா என்ற பெண்மணி, ஐம்பது வயது இருக்கும், சிவந்த முகம். எங்களை இழுத்துப் போட்டாள். லிகோரி வாந்தி எடுத்தான், இருமினான். பிறகு என்னைப் பார்த்து, "நம்ம எத்தனாவதுக்கா?" என்றான்.

தண்ணீர் குடித்துவிட்டேன், குளிரில் விறைத்துவிட்டேன், அவ்வளவுதான் என்று ஓர்லாவிடம் ஆங்கிலத்தில் சொன்னான். அவள் என்னிடம் திரும்பி, இவருக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் உடனே முகத்தைத் திருப்பவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எனக்கு ஒரு போர்வையைக் கொடுத்தாள்.

கரையில் முதலுதவிக்காரர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்றார். மோசமான இரண்டு பந்தயங்களைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை கோட்டைவிட்டதையும் இன்றையதையும் விட்டுவிட்டால் இப்போதும் பதினோராவதுதான். நாளை இரண்டு பந்தயம். லிகோரி ரொட்டி தின்றுகொண்டே கணக்குப் போட்டான்.

எனக்குக் கம்பளிக்குள்ளும் குளிர்கிறது.

ஆகஸ்ட் 16, சனி

காலையில் உடை மாற்றினேன். கொக்கிப் பட்டையை இடுப்பில் கட்டினேன். படகைச் சரிவில் இறக்கும்போது ஒரு பக்கம் பிடித்தேன். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. அதற்கு மேல் கால் போகவில்லை.

"ஏறுக்கா. எல்லாரும் போறாங்க."

"நான் வரல."

"என்னது?"

"வரலன்னேன். நீயும் போக வேண்டாம்."

அவன் குரலைத் தாழ்த்தினான். பக்கத்தில் வேறு படகுகள் இறங்கிக்கொண்டிருந்தன. "நேத்து வந்துட்டுல்லா. ஒருக்கா வந்தா அடுத்து நாலஞ்சு நாளைக்கு வராது."

"செவ்வாய் வந்துச்சு. வியாழன் வந்துச்சு. நேத்து வந்துச்சு."

"நீ பயந்துட்ட. அதச் சொல்லு."

"ஆமா. பயந்துட்டேன்."

நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்தான் போல. கொஞ்சம் தடுமாறினான். பிறகு முகம் இறுகியது. படகை என்னிடம் விட்டுவிட்டு மேலே ஏறிப் போனான். திரும்பி வந்தபோது கூடவே ஒரு பெண் வந்தாள். நீவ் என்று பெயர், உள்ளூர்க்காரி. அவளுடைய ஜோடிக்கு நேற்று விரல் முறிந்துவிட்டது, அவர்கள் படகு வெளியே போகவில்லை. நல்ல உயரம். நடுவர் குழுவிடம் கேட்டுவிட்டார்களாம், ஆள் மாற்ற அனுமதி உண்டாம். தளவாய் சாரும் பின்னால் வந்தார். உனக்கு உடம்பு சரியில்லை என்று லிகோரி சொன்னான், நீ ஓய்வெடும்மா என்றார்.

நீவ் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் நேற்று மாட்டிக்கொண்டு விழுந்த கம்பியை எடுத்துத் தன் கொக்கியில் மாட்டிப் பார்த்தாள். நீளம் சரியாக இருக்கிறது என்றாள்.

நான் இன்று வராமல் இருந்தால் போதும், எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். நிற்கவில்லை. எனக்குப் பதிலாக இந்தப் பெண் பாய்க்கடியில் கிடப்பாள். "இருக்கியா" என்று கேட்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"சார்," என்றேன். "லிகோரிக்கு வலிப்பு வருது சார்."

வாயிலிருந்து வந்துவிட்டது. அவ்வளவு பேர் இருந்த இடத்தில், தமிழில் சொன்னதால் ஒருவருக்கும் புரியவில்லை. தளவாய் சாருக்குப் புரிந்தது. லிகோரிக்குப் புரிந்தது.

"அக்கா சும்மா சொல்லுது சார். அதுக்குப் பயம்."

"நேத்து தண்ணிக்குள்ள வந்துச்சு சார். டென்மார்க் படகு மேல ஏறப் போனதும் அதுனாலதான். செவ்வாய்க்கெழம கயிறு சிக்கல. நான் பொய் சொன்னேன்."

தளவாய் சார் லிகோரியைக் கேட்டார். "உண்மையா தம்பி?" அதே வானிலைக் குரல்தான். லிகோரி சுக்கானைப் படகிலிருந்து கழற்றினான். அதை என் காலடியில் மணலில் போட்டான்.

"இனிமே என்கிட்ட பேசாத," என்றான். "அம்மாகிட்டயும் நீயே சொல்லு. மணப்பாட்டுக்காரங்ககிட்டயும் சொல்லு. மைக் வச்சுச் சொல்லு."

தளவாய் சார் அவன் தோளில் கை போட்டு மேலே அழைத்துப் போனார். நீவ் கொக்கியைக் கழற்றிக் கம்பியைப் பத்திரமாகப் பாய்மரத்தோடு கட்டினாள்.

மற்ற படகுகள் எல்லாம் வெளியே போய்விட்டன. தொடக்கத் துப்பாக்கிச் சத்தம் காற்றில் கேட்டது. நான் படகைத் தனியாக மேலே இழுத்தேன். கனமாக இருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பேசவில்லை. நான் வைத்த சோற்றைச் சாப்பிட்டான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பக்கத்து நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. தளவாய் சார் ஏற்பாடு செய்து காரில் கூட்டிப் போனார். தலையெல்லாம் வயர் ஒட்டி ஒரு பரிசோதனை, பிறகு ஸ்கேன். டாக்டர் நைஜீரியாக்காரர், மெதுவான குரல். படத்தைக் காட்டி, மூளையின் பக்கவாட்டில் ஒரு சின்ன இடம், கட்டி இல்லை, மாத்திரையில் பெரும்பாலும் கட்டுப்படும் என்றார். ஆனால் இப்போதைக்கு வண்டி ஓட்டக்கூடாது. தனியாகக் குளத்தில்கூட இறங்கக்கூடாது. கடல் வேண்டவே வேண்டாம்.

பிறகு, முதல் முதலில் எப்போது வந்தது என்று கேட்டார்.

நான் சொன்னேன்: இந்த மாதம் பத்தாம் தேதி, டீ போடும்போது. லிகோரி இல்லை என்று தலையாட்டினான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், என்றான். டாக்டரைப் பார்த்து ஆங்கிலத்தில்தான் சொன்னான். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தானாம். கருகின வாசம் அடித்ததாம். நினைவு வந்தபோது கப்பல் போகும் வழியின் நடுவில் கிடந்தானாம். ஒரு நிலக்கரிக் கப்பல் சங்கு ஊதிக்கொண்டே வந்துகொண்டிருந்ததாம். எப்படியோ விலகிக் கரைக்கு வந்துவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. அதுவரை அவன் ஒற்றை ஆள் படகுதான் ஓட்டுவான். அதற்குப் பிறகு தனியாகக் கடலுக்குப் போகப் பயமாக இருந்தது என்றான். விடவும் மனசில்லை.

"So I asked my sister," என்றான்.

எனக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. சென்னையில் என் அலுவலகத்துக்கே வந்தான். ஒற்றைப் படகு போரடிக்கிறது, இரட்டைப் படகுக்கு மாறப் போகிறேன், கம்பியில் தொங்க உன்னைப்போல ஆள் கிடைக்காது, உன் உயரம் யாருக்கு வரும் என்று கெஞ்சினான். என் உயரத்தைப் பற்றி அதுவரை ஒருவரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. அதற்கு மயங்கித்தான் பத்து வருடம் கழித்துப் படகில் ஏறினேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். நான் லிகோரியைப் பார்த்தேன். அவன் ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்திருந்தது.

வெளியே வந்து மருந்துக்காகக் காத்திருந்தபோது, "என்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல," என்றேன்.

"சொன்னா நீ ஏறிருக்க மாட்ட."

"ஏறிருக்க மாட்டேன்."

"அதான்," என்றான். மூன்று நாளில் அவன் என்னிடம் பேசியது அந்த இரண்டு பேச்சுதான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

விமான நிலையம். தளவாய் சார் படகைக் கப்பலில் ஏற்றும் வேலைக்காகத் தங்கிவிட்டார். கடைசி இரண்டு பந்தயம் ஓடாததால் நாங்கள் இருபத்துமூன்றாவது.

அம்மாவிடம் நானே சொல்ல வேண்டும். போனை எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தபோது லிகோரி கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

"அம்மா, நான்தான். ஒரு விஷயம். எனக்கு வலிப்பு இருக்கும்மா."

அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவன், "ஆமா," என்றான். "கடல்லதான்." "அக்காதான் தூக்குனா." "மாத்திரை குடுத்துருக்காங்க." கடைசியில், "அவங்ககிட்ட சொல்லிரும்மா. மறைக்க வேண்டாம்," என்றான். போனை என்னிடம் தந்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துக் குடித்தான்.

அம்மா அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"மெரிட்டா," என்றாள்.

"சொல்லும்மா."

"பிளேன்ல அவன சன்னல் பக்கம் உக்கார வைக்காத."

விமான ஜன்னலைத் திறக்க முடியாதம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கவுண்டருக்குப் போய், எங்கள் இருவருக்கும் ஜன்னலோரம் இல்லாத இடமாகத் தரச் சொல்லிக் கேட்டேன். அவனுக்கு நடு இருக்கை, எனக்கு ஓரம். நான் எழுந்து வழிவிட்டால் ஒழிய அவன் எங்கும் போக முடியாது.